கொடையும் கடனும்
(ஜம்ஷெட்பூர் இரும்பாலையின் வரலாற்றிலிருந்து)

வணிக நிறுவனங்களுக்குச் சமூகப் பொறுப்பு உண்டு என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் நாடுகள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் நம் நாடும் ஒன்று. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. நிகர மதிப்பு ஐந்நூறு கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் ஆயிரம் கோடி, அல்லது நிகர இலாபம் ஐந்து கோடி என்னும் அளவுகளில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 2014 ஏப்ரல் முதல் நாள் இது நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தையொட்டி எழுந்த விதிகளுள் ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. நிறுவனம் தன் பணியாளர்களின் நன்மைக்காக மட்டும் செய்யும் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் சேர்க்க இயலாது என்பதே அது. காரணம் வெளிப்படை. தொழிலாளிக்குச் செய்வது நிறுவனத்தின் அன்றாடக் கடமை. அதற்குத் தனிப் பெயரும் தனிப் புகழும் எதற்கு? நியாயம்தான். ஆனால் அந்த அன்றாடக் கடமை எவ்வாறு கடமை ஆயிற்று? தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலையும், சேமநிதியும், விபத்து நட்டஈடும், மகப்பேற்று உதவியும் ஒரு காலத்தில் முதலாளியின் பெருந்தன்மையாகவே கருதப்பட்டன. கொடை என்று தொடங்கியது கடன் என்று ஆன கதையை அறிய வேண்டுமாயின், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள ஜம்ஷெட்பூருக்கே நாம் செல்ல வேண்டும்.

ஜம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாட்டா நவ்சாரியில் பிறந்த பார்சி வணிகர். 1877 சனவரி முதல் நாள், விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அதே நாளில், நாகபுரியில் ‘எம்ப்ரஸ் மில்’ என்னும் பஞ்சாலையைத் திறந்தார். பெயரில் அரசியைப் போற்றினாரேனும், ஆலையை நடத்திய முறையில் அவர் இங்கிலாந்து முதலாளிகளின் வழியில் செல்லவில்லை. காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கருவிகள் பொருத்தினார். 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895இல் விபத்துக்கு ஈட்டுறுதி அளித்தார். அந்நாளில் இந்தியாவில் இவற்றைக் கேட்கத் தொழிற்சங்கம் இல்லை. வற்புறுத்தச் சட்டமும் இல்லை.

1902இல் அவர் வெளிநாட்டிலிருந்து தம் மைந்தர் தோராப்ஜிக்கு எழுதிய கடிதம் புகழ் பெற்றது. இரும்பாலை எங்கே அமையும் என்பதே முடிவாகாத காலம் அது. ஆயினும் அங்கே எழவிருக்கும் நகருக்கு அகன்ற தெருக்கள் வேண்டும், விரைந்து வளரும் நிழல் மரங்கள் வேண்டும், விளையாட்டுத் திடல்கள் வேண்டும் என்று அவர் எழுதினார். இந்துக் கோயிலுக்கும் முஸ்லிம் பள்ளிவாசலுக்கும் கிறித்துவ ஆலயத்துக்கும் இடம் ஒதுக்குமாறும் மறவாமல் குறிப்பிட்டார். அந்நகரைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1904இல் அவர் மறைந்தார். 1907இல் நிறுவனம் பதிவாயிற்று. 1912இல் சாக்சி என்னும் சிற்றூரில் உருக்கு வார்க்கப்பட்டது.

அதே 1912இல் அங்கு எட்டு மணி நேர வேலை முறை நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேரத்தை ஏற்றது 1948இல்தான். 1915இல் இலவச மருத்துவம், 1920இல் ஊதியத்துடன் விடுப்பு, சேமநிதி, விபத்து நட்டஈடு, 1928இல் மகப்பேற்று உதவி, 1934இல் இலாபப் பங்கு, 1937இல் பணிக்கொடை. சேமநிதிக்கு நாட்டில் பொதுச் சட்டம் வந்தது 1952இல், போனசுக்கு 1965இல், பணிக்கொடைக்கு 1972இல். சட்டத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்னே நடந்தோம் என்று இப்பட்டியலை நிறுவனம் பெருமையுடன் வெளியிடுவதுண்டு. பெருமைக்குரியதே, மறுப்பதற்கில்லை.

எனினும் வரலாற்றை எழுதப் புகுவோர் ஒரு பட்டியலோடு நின்றுவிடலாகாது. இதே ஆண்டுகளில் அந்நகரில் நிகழ்ந்த வேறு சிலவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போரில் இவ்வாலையின் தண்டவாளங்கள் மெசபடோமியாவுக்கும் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் சென்றன. துருக்கியப் படையை எதிர்த்துப் பிரிட்டிஷார் முன்னேறியது இந்தியத் தண்டவாளத்தின்மீது என்பது அந்நாளைய முஸ்லிம்களின் மனத்தை எவ்வளவு உறுத்தியிருக்கும்! 1919இல் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு நேரில் வந்து நன்றி கூறி, சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். பேரரசு நன்றி கூறிற்று. ஆனால் போர்க் காலத்தில் ஏறிய விலைவாசியைத் தாங்க முடியாமல் தவித்த தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? 1920 பிப்ரவரியில் ஜம்ஷெட்பூர் முதன்முறையாகப் பெரும் வேலைநிறுத்தத்தைக் கண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஜம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் அப்போராட்டத்தின்போதே பிறந்தது. சேமநிதியும் விடுப்பும் நட்டஈடும் வந்ததாகப் பட்டியல் கூறும் ஆண்டும் அதே 1920தான்.

ஆண்டு ஒன்றாயிருப்பதால் காரணமும் ஒன்றே என்று கூறிவிட நான் துணியவில்லை. நிறுவனத்தார் இலண்டனில் சிட்னி வெப், ஹாப்ஹவுஸ் முதலிய அறிஞர்களிடம் தொழிலாளர் நலத் திட்டம் பற்றி ஆலோசனை கேட்டவர்கள். 1912இன் எட்டு மணி நேர முறையை எந்த வேலைநிறுத்தமும் பெற்றுத் தரவில்லை. ஆனால் ஒரு பட்டியலைச் சுவரில் மாட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுவதும் நேர்மையாகாது.

1924ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மலிவான அயல்நாட்டு உருக்கு வந்து குவிந்தது. ஊதியம் கொடுக்கவும் பணமில்லை என்னும் நிலை. தோராப்ஜி டாட்டா தம் சொந்தச் சொத்துக்களையும், தம் துணைவியார் மெஹர்பாயின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற்றார். 245 காரட் எடையுள்ள ‘ஜூபிலி’ வைரமும் அவற்றுள் அடக்கம் என்பர். ஆலை பிழைத்தது. இப்படிப்பட்ட செயலை நினைத்தால் நெஞ்சம் நெகிழாமலிராது. ஆயினும் நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1928இல், அதே ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்து மூன்று மாதங்களுக்கும் மேலாகப் போராட்டம் நடந்தது. முதலில் மானெக் ஹோமி என்னும் பார்சி வழக்கறிஞரும், பின்னர் சுபாஷ் சந்திர போசும் தொழிலாளர் பக்கம் நின்றனர். செப்டம்பரில் போஸ் உடன்பாடு கண்டார். வைரத்தை ஈடு வைத்தவர் கொடுமனத்தர் அல்லர். ஆனால் எந்த நெருக்கடியில் யாருடைய தலையில் சுமை இறங்க வேண்டும் என்பதை அவர் ஒருவரே முடிவு செய்யலாகாது என்பதைத்தான் தொழிலாளர் கூறினர்.

இவற்றுக்கு இடையே, 1925 ஆகஸ்டில் காந்தியடிகள் ஜம்ஷெட்பூர் வந்தார். சங்கத்தை நிறுவனம் ஏற்கச் செய்தது அவ்வருகையின் பயன். செல்வர் தம் செல்வத்தின் தர்மகர்த்தாவாக வாழ வேண்டும் என்பது அடிகளின் கொள்கை. நம் வழக்கில் இதனை ‘அமானிதம்’ என்னும் சொல்லால் குறிக்கலாம். ஸதகா கொடுப்பவரிடம் பெறுபவர் கணக்குக் கேட்பதில்லை. அமானிதத்தை வைத்திருப்பவரிடமோ உடையவர் என்றும் கேட்கலாம்; கேட்டால் கொடுத்தாக வேண்டும். அடிகளின் கொள்கையைப் புகழ்ந்த முதலாளிகள் பலர். அதில் கேட்கும் உரிமையும் அடங்கியிருப்பதை உணர்ந்தவர் எத்தனை பேர்?

அவ்வுரிமைக்கு உருவம் கொடுத்தவர்களுள் தலைசிறந்தவர் பேராசிரியர் அப்துல் பாரி. தமிழ்நாட்டில் இப்பெயரை அறிந்தோர் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது. பீகாரில் பிறந்து, பாட்னாவில் பீகார் வித்யாபீடத்தில் ஆசிரியராயிருந்தவர். ஒத்துழையாமை இயக்கக் காலத்திலேயே பொதுவாழ்வில் ஈடுபட்டவர். 1937இல் பீகார் சட்டமன்றத்தின் துணை அவைத்தலைவர். அவர் தலைமையில்தான் பழைய சங்கம் ‘டாட்டா தொழிலாளர் சங்கம்’ என்னும் பெயரைப் பெற்றது. மொழியாலும் சமயத்தாலும் சாதியாலும் பிரிந்து, தலைவர்களின் போட்டியாலும் சிதறிக் கிடந்த தொழிலாளரை அவர் ஒரு கொடியின் கீழ்க் கொண்டு வந்தார். முஸ்லிம் லீகின் செல்வாக்கு ஓங்கிய அந்நாளிலும் காங்கிரஸ்காரராகவே நின்று, மாநிலக் காங்கிரசின் தலைவராகவும் உயர்ந்தார். அவருடைய பேச்சு கடுமையானது என்று குறை கூறியோர் உண்டு. அவருடைய கை சுத்தமானது என்பதை எவரும் மறுத்ததில்லை.

1947 மார்ச் 28ஆம் நாள், பாட்னாவுக்கு அருகே ஃபதுஹாவில் அவருடைய காரைக் கடத்தல் தடுப்புக் காவலர் நிறுத்தினர். வாய்த்தகராறு முற்றித் துப்பாக்கி வெடித்தது. தம் மாநிலத்தில் தம் கட்சியே ஆட்சியிலிருந்தபோது, காவலர் கையால் அவர் மாண்டார். கலவரத்தால் புண்பட்ட பீகாரில் அமைதிப் பணி செய்துகொண்டிருந்த காந்தியடிகள் அவருடைய வீட்டாரைக் கண்டு ஆறுதல் கூறினார். இவ்வளவு பெரிய தலைவர் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார் என்பதை மக்களிடம் எடுத்துரைத்தார். சோன் ஆற்றின்மீது கோயில்வாரில் உள்ள பழைய இரும்புப் பாலம் இன்று அப்துல் பாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் விட்டுச் சென்ற சங்கத்துடன் 1956இல் நிறுவனம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. நிருவாகத்தில் தொழிலாளரும் கலந்து ஆலோசிக்கும் கூட்டுக் குழுக்கள் அதன்படி அமைந்தன. பின்னாளில் ஜே.ஆர்.டி. டாட்டாவின் தலைமையில், நுகர்வோர், தொழிலாளர், சுற்றுப்புற மக்கள் ஆகியோருக்கு நிறுவனம் கடமைப்பட்டது என்னும் வாசகம் நிறுவனத்தின் அமைப்பு விதிகளிலேயே சேர்க்கப்பட்டது. அக்கடமையை எவ்வளவு நிறைவேற்றினோம் என்று ஆராய, முன்னாள் நீதிபதி எஸ்.பி. கோட்வால் தலைமையில் அறிஞர் ரஜனி கோத்தாரி முதலியோரைக் கொண்ட குழுவை நிறுவனமே அமைத்தது. 1980இல் வந்த அவ்வறிக்கை இந்திய நிறுவனங்களுள் முதல் சமூகத் தணிக்கை எனப்படுகிறது. பிறர் தன்னைக் கணக்குக் கேட்கத் தானே இடங்கொடுப்பது சிறிய செயலன்று.

ஆலைக்கு உள்ளே இருந்தவர்களின் கதை இது. கேட்கக் கற்றார்கள், சங்கம் அமைத்தார்கள், பெற்றார்கள். நிரந்தரத் தொழிலாளியாக அல்லாமல் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலி பெற்றவருக்கு இப்பட்டியலின் பல வரிகள் பொருந்தியதே இல்லை. ஆலைக்கு இடங்கொடுத்தவர்கள் இன்னும் தொலைவில் நின்றார்கள். சாக்சியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் பழங்குடி மக்கள் உழுது வாழ்ந்த பூமி. 1894ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின் துணையோடு அது நகரமாயிற்று. அவர்களுக்கு அன்று ஓர் அப்துல் பாரி வாய்க்கவில்லை.

நூறாண்டு கழித்து அதே கேள்வி ஒடிசாவில் எழுந்தது. கலிங்கநகரில் இதே நிறுவனத்தின் புதிய ஆலைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் பணி 2006 சனவரி 2ஆம் நாள் தொடங்கியபோது, நிலத்தை இழந்த பழங்குடியினர் திரண்டு தடுத்தனர். காவலர் சுட்டதில் அவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காவலர் ஒருவரும் கொல்லப்பட்டார். பின்னர் அங்கு ஆலை எழுந்தது, குடியேற்றங்கள் அமைந்தன, பள்ளியும் மருத்துவமும் சமூகப் பொறுப்புக் கணக்கில் இடம் பெறுகின்றன. மாண்டவர்களின் உறவினரோ சனவரி 2 வரும்போது, அவர்களை எரியூட்டிய இடத்தில் கூடுகிறார்கள்.