நாகதாளியும் மேய்ச்சல் நிலமும்

களை என்பது யாது? வேண்டாத இடத்தில் முளைக்கும் வேண்டாத செடியே களை என்று பயிர்ச்செய்கை நூல்கள் விடை கூறும். யாருக்கு வேண்டாதது என்ற வினாவை அவை எழுப்புவதில்லை. நமது நாட்டின் வரண்ட கரையோரங்களிலே முள்ளும் சதையுமாகப் படர்ந்து நிற்கும் நாகதாளி, அதாவது சப்பாத்திக்கள்ளி, இவ்வினாவுக்கு விடைகாண நமக்குத் துணைபுரியும். அதன் வரலாற்றை ஆராயப் புகுவோர், மேய்ச்சல் நிலம் யாருடைய உடைமை என்ற கேள்வியை எதிர்கொள்ளாமல் அப்பாற் செல்ல இயலாது.

நாகதாளி இனங்கள் யாவும் அமெரிக்கக் கண்டத்தையே தாயகமாகக் கொண்டவை. ஐரோப்பிய வணிகரின் கண் அவற்றின்மீது விழுந்தமைக்குக் காரணம் ஒரு சாயம். நாகதாளியை உண்டு வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் உயர்ந்த செந்நிறச் சாயம் கிடைக்கும். மெக்சிக்கோவை ஆண்ட ஸ்பானியர் இவ்வணிகத்தைத் தம் ஏகபோகமாக வைத்திருந்தனர். தன் படைவீரரின் செஞ்சட்டைகளுக்கு அச்சாயத்தை வேண்டிய பிரித்தானியா, அந்த ஏகபோகத்தை உடைக்க முயன்றது. 1788இல் ஆதர் பிலிப்பின் தலைமையில் அவுஸ்திரேலியாவை அடைந்த முதற் கப்பற்றொகுதி, வழியில் பிறேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நாகதாளியையும் ஏற்றிச் சென்றது. அதே நோக்குடன், கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவரான ஜேம்ஸ் அன்டர்சன் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் நாகதாளித் தோட்டமொன்றை அமைத்தார். 1795இல் பிறேசிலிலிருந்து பூச்சியும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது தரமான சாயம் தரும் பூச்சியன்று. சாயக் கனவு கலைந்தது. பூச்சியோ தான் உண்ணும் நாகதாளி இனத்தைப் பரந்த அளவில் அழித்தது. 1860களில் அது களையொழிப்புக்கென்றே இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. தென்னமெரிக்காவிற் பிறந்த அப்பூச்சியின் விஞ்ஞானப் பெயரில் 'சிலோனிக்கஸ்' என்று நமது நாட்டின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்ததென்ன? பல்லாயிரம் ஆண்டுகளாக ஆதிக்குடிகள் வாழ்ந்த புல்வெளிகளை 19ஆம் நூற்றாண்டில் ஆட்டு மந்தைகளும் மாட்டு மந்தைகளும் ஆக்கிரமித்தன. அந்த ஆக்கிரமிப்பு இரத்தம் சிந்தாது நடைபெறவில்லை. 1838இல் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலுள்ள மையோல் கிறீக்கில் பண்ணைக் காவலர்கள் இருபத்தெட்டு ஆதிக்குடி மக்களைக் கொன்று குவித்தனர். பின்னர் களையாகப் பெருகிய நாகதாளி இனமொன்று, அடுத்த ஆண்டிலே அதே மாகாணத்தின் ஸ்கோன் என்னும் ஊருக்குத் தொட்டிச் செடியாக வந்ததெனக் கூறப்படுகிறது. பண்ணையாளர் அதனை வேலியாக நட்டனர். வரட்சிக் காலத்தில் மந்தைக்குத் தீவனமாகவும் பயன்படுத்தினர். களையை அழைத்து வந்தவர்கள் நில உடைமையாளரே என்பதை நாம் மறக்கலாகாது.

தாயகத்தில் அதனை அடக்கிவைத்த இயற்கைப் பகைகள் புதிய மண்ணில் இல்லை. முறிந்த தண்டு ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் வேரூன்றியது. பழத்தைத் தின்ற பறவைகளும் விலங்குகளும் விதையைப் பரப்பின. வெள்ளம் தண்டுகளைச் சுமந்து சென்றது. மந்தைகள் புல்லை மேய்ந்து முட்செடியை விட்டுவைத்தன. 1900 அளவில் ஒரு கோடி ஏக்கரைப் பிடித்திருந்த நாகதாளி, 1925இல் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலுமாக ஆறு கோடி ஏக்கருக்குப் பரவிவிட்டது. அதிற் பாதியளவு, மனிதரோ விலங்கோ நுழையவியலாத அடர்காடாயிருந்தது.

இதனை எதிர்த்த முதல் முயற்சிகளைத் தனியுடைமைச் சமுதாயத்தின் இயல்பே தோற்கடித்தது எனலாம். நியூ சவுத் வேல்ஸ் 1886இல் இயற்றிய சட்டம், செடியை அழிக்கும் பொறுப்பை நிலத்தை வைத்திருப்பவர் தலையிற் சுமத்தியது. ஆனால் ஒரு ஏக்கரைத் துப்புரவாக்கும் செலவு, பல இடங்களில் அந்த ஏக்கரின் விலையையே விஞ்சியது. இலாபமற்ற நிலத்தில் யார் முதலிடுவர்? பலர் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினர். அயலவன் வெட்டினாலும் கைவிடப்பட்ட நிலத்திலிருந்து செடி மீண்டும் படர்ந்தது. குவீன்ஸ்லாந்து அரசு 1901இல் 5,000 பவுண் பரிசு அறிவித்தது; 1907இல் அதனை 10,000 பவுணாக உயர்த்தியது. அப்பரிசைப் பெற்றவர் எவருமில்லை. டுலாக்கா ஆய்வுநிலையத்தில் ஜீன் வைற் என்னும் பெண் விஞ்ஞானி நச்சு மருந்துகளை அயராது சோதித்தார். ஆசனிக் நஞ்சு செடியைக் கொன்றது. ஆனால் கோடிக்கணக்கான ஏக்கருக்கு அது கட்டுபடியாகவில்லை. விதை பரப்பியதற்காக ஈமுப் பறவைகளைக்கூட வெகுமதி கொடுத்துக் கொல்வித்தனர்.

தனிமனிதரின் முதலும் சந்தையின் கவர்ச்சியும் தோற்ற இடத்தில் வென்றது பொதுப் பணத்தில் இயங்கிய விஞ்ஞானமே. 1912இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு ஒன்று நாகதாளியின் பகைகளைத் தேடி உலகைச் சுற்றியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, முன்னர் நாம் குறித்த அப்பூச்சியைக் கொண்டு சென்றது. அது ஓரினத்தை அழித்ததாயினும் முதன்மையான களையைத் தீண்டவில்லை. 1920இல் கூட்டாட்சி அரசும் இரு மாகாண அரசுகளும் கூட்டாக ஒரு சபையை அமைத்தன. 1925இல் ஆர்ஜென்டீனாவிலிருந்து கக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் ஏறத்தாழ 2,750 முட்டைகள் வந்தன. அவற்றைப் பெருக்கி, ஊரூராக இலவசமாக விநியோகித்தனர். தண்டைக் குடைந்து உண்ணும் அதன் புழுக்கள், 1933 அளவில் அடர்காடுகளிற் பெரும்பகுதியை அழுகிச் சாயச் செய்தன. பூனார்கா மக்கள் 1936இல் அப்பூச்சியின் பெயராலேயே ஒரு நினைவு மண்டபத்தைத் திறந்தனர்.

இது மனித அறிவின் மகத்தான வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் மீட்கப்பட்ட நிலம் யாரிடம் சென்றது? பண்ணையாளரிடமும் புதிய குடியேற்றக்காரரிடமும் சென்றது. அம்மண்ணின் ஆதிக்குடிகள் அப்பங்கீட்டில் இடம்பெறவில்லை. அவர்கள் வருமுன் அது உரியவரில்லாத வெறும் நிலம் என்ற குடியேற்றவாதக் கற்பனையை அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றம் நிராகரித்தது 1992இலேதான்.

இனி, இதே செடியையும் இதே முறையையும் வேறொரு நாட்டில் காண்போம். மடகாஸ்கரின் வரண்ட தெற்கிலே கால்நடை வளர்த்து வாழ்பவர்கள் அன்டன்றோய் மக்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் தம் கோட்டைக் காவலுக்காகக் கொணர்ந்த நாகதாளியை அம்மக்கள் தமதாக்கிக்கொண்டனர். ஊருக்கும் தொழுவத்துக்கும் அதுவே வேலி. கோடையிலே மாட்டுக்குத் தீவனமும் நீரும் அதுவே. பஞ்ச காலத்திலே மனிதருக்கு உணவும் அதன் பழமே. பிரெஞ்சுப் படை அத்தெற்கை அடக்க முனைந்தபோது, அந்த முள்வேலிகள் மக்களுக்கு அரணாகவும் நின்றன. ஆட்சியாளரிற் பலரின் கண்ணில் அது ஒழிக்கவேண்டிய களை. அதன் பயனை எடுத்துரைத்தோர் அவர்களிடையே இல்லாமலில்லை. எனினும் 1920களின் நடுப்பகுதியில் கொச்சினீல் பூச்சி அத்தீவில் விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தெற்கின் நாகதாளி பெரும்பாலும் அழிந்தது. அதனோடு வரட்சியும் சேர, 1930-31இல் கொடும்பஞ்சம் மூண்டது. மாடுகள் மடிந்தன, மக்களும் மாண்டனர். பிழைத்தோரிற் பலர் கூலி வேலை தேடி வடக்கின் தோட்டங்களுக்குச் சென்றனர். மந்தை உள்ளவன் கூலிக்கு இலகுவில் வரான் என்பதைத் தோட்ட முதலாளிகள் அறிவர். தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஒரே செடி, அதன்மீது ஏவப்பட்டவை சிறு பூச்சிகளே. ஓரிடத்தில் நிலம் மீண்டது. மற்றோரிடத்தில் மக்களின் வாழ்வு குலைந்தது. கக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியின் பிற்கதையும் இதையே கூறுகிறது. 1957இல் கரீபியத் தீவான நெவிசில் விடப்பட்ட அது, 1989இல் புளோரிடாவிற் காணப்பட்டது. நாகதாளி மக்களின் அன்றாட உணவாயிருக்கும் மெக்சிக்கோவுக்கு அது இன்று பெரும் அச்சுறுத்தல்.

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. பூச்சிக்குத் தண்டு எதுவெனத் தெரியும். அத்தண்டை நம்பி வாழ்பவர் யாரெனத் தெரியாது. அதனை அறிய வேண்டியவர்கள் மனிதர். மேய்ச்சல் நிலத்தைத் திருத்தவும் களையை ஒழிக்கவும் திட்டங்கள் வகுக்கப்படும் போதெல்லாம், அந்நிலத்தில் மாடு மேய்ப்பவனின் சொல் முதலிற் கேட்கப்பட்டதா என்று வினவுவது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும். மடகாஸ்கரில் அவனிடம் எவரும் கேட்கவில்லை.