புதிய கோழியினம் உருவாக்கல்

வேண்டிய குணங்கள் தலைமுறைதோறும் மாறாமல் குஞ்சுகளுக்கு இறங்கும்படி ஒரு கோழிக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தும் பணியே புதிய கோழியினம் உருவாக்கல். இரண்டு இனங்களை இணைத்துக் கலப்பினக் குஞ்சு பொரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தக் கலப்பை ஓர் இனமாக நிலைப்படுத்தப் பத்தாண்டும் போதாமல் போகலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் இந்தப் பணியின் பலனையும் குறையையும் அருகிலிருந்து காணும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டையும் துணிக்கடைகளும் பெருகிய பிறகும், சுற்றுவட்டக் கிராமங்களில் புறக்கடைக் கோழி வளர்ப்பு பெண்களின் கைச்செலவுக்கு உதவிவருகிறது. வடமேற்கே ஒசூர் மத்திகிரியில் 1824இல் தொடங்கிய அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் அங்கேதான். எல்லை தாண்டினால் பெங்களூரு ஹெப்பாள். புறக்கடைக்கென்றே உருவான கிரிராஜா, சுவர்ணதாரா கோழிகள் அங்கிருந்து வந்தவை.

பின்னணி

இன்று உலகமெங்கும் உண்ணப்படும் கறிக்கோழியின் மூதாதையரில் இந்தியச் சண்டைக்கோழியான அசிலும் உண்டு. அசில் கோழிகளை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குக் கொண்டுபோய், அங்குள்ள கோழிகளோடு கலந்து கார்னிஷ் இனத்தை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் 1948இல் நடந்த 'நாளைய கோழி' எனும் கறிக்கோழிப் போட்டியின் இறுதிச் சுற்றில் கார்னிஷ் கலப்பே வென்றது. அதன் பிறகு வளர்ச்சி வேகம் ஒன்றையே குறிவைத்துத் தேர்வு தொடர்ந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டு மரபுவழிக் கோழியையும் 2005ஆம் ஆண்டுக் கோழியையும் ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தனர். 56ஆம் நாளில் முன்னது 905 கிராம்; பின்னது 4,202 கிராம்.

அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. கறிக்கோழியின் தாய்க்கோழிகளுக்கு வயிறாரத் தீவனம் வைக்க முடியாது. வைத்தால் உடல் பருத்து, முட்டை குறைந்து, கால் தளர்ந்துவிடும். அளந்துதான் கொடுக்க வேண்டும்.

காலமும் எண்ணிக்கையும்

முட்டை பொரிய 21 நாள். பெட்டை முதல் முட்டையிட ஏறத்தாழ ஐந்து மாதம். எது நன்றாக முட்டையிடுகிறது என்று தெரிய 40 வாரம் வரையாவது பதிவு வேண்டும். அதன் பிறகே அடுத்த தலைமுறைக்கு முட்டை சேர்ப்பார்கள். ஆக, ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஓராண்டு. குஞ்சுக்கு இறக்கையில் எண்பட்டை கட்ட வேண்டும். எந்த முட்டை எந்தப் பெட்டையுடையது என்று அறியப் பொறிக்கூடு வைக்க வேண்டும். சேவல் முட்டையிடாது என்பதால் அதன் தரத்தை உடன்பிறந்த பெட்டைகளையும் மகள்களையும் வைத்தே கணிக்க முடியும்.

ஆர்வத்தால் வீட்டளவில் தொடங்கும் முயற்சிகள் பெரும்பாலும் இரத்த உறவுச் சேர்க்கையில், அதாவது உட்கலப்பில், சிக்கிக்கொள்கின்றன. ஒரே சேவலும் பத்துப் பெட்டையும் கொண்ட கூட்டத்தில், உட்கலப்பு ஒரு தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடு ஏறும். 5 சேவல், 50 பெட்டை என்றால் 2.8 விழுக்காடு. 50 சேவலும் 250 பெட்டையும் இருந்தால் 0.3 விழுக்காடுதான். உட்கலப்பு ஏற ஏறக் கூமுட்டை பெருகும், குஞ்சுகள் நலிந்து சாகும், முட்டை குறையும். நூற்றுக்கணக்கான கோழிகளைத் தனித்தனிப் பதிவோடு ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது தனி ஒருவரால் ஆகிற காரியமல்ல.

அடையா, முட்டையா

புறக்கடைக்கான இனத்தை உருவாக்குவோர் சந்திக்கும் ஆகக் கடினமான முடிச்சு இது. சிறுவிடை போன்ற நாட்டுப் பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடைகாக்கும்போதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும்போதும் முட்டை கிடையாது. அதனால் ஆண்டு முட்டை நூறைத் தொடுவதே அரிது. வெள்ளை லெகான் வழிவந்த பண்ணைக் கோழிகளிடம் அடைக்குணத்தைத் தேர்வால் அகற்றியதால்தான் அவை ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகின்றன.

ஆனால் அடைக்கு உட்காராத கோழி தானாக இனம் பெருக்காது. அதற்குப் பொரிப்பகம் வேண்டும். முட்டையைக் கூட்டினால் விவசாயி பொரிப்பகத்தைச் சார்ந்திருக்க நேரிடும். அடையைக் காத்தால் வருமானம் குறையும். இரண்டையும் ஒரே கோழியில் நிறைவாகப் பெற முடியாது.

உடல் எடையிலும் இதே முரண் உண்டு. எடை கூடினால் முட்டை குறையும். பறந்து தப்பும் திறனும் போகும். 2005இல் வெளிவந்த சுவர்ணதாரா இதற்கு நல்ல சான்று. கிரிராஜாவைவிட எடை குறைந்ததால் காட்டுப்பூனை, நரியிடமிருந்து எளிதில் தப்புகிறது. ஆண்டுக்கு 180 முதல் 190 முட்டையும் இடுகிறது.

நிறமும் நோயும்

சந்தையில் வெள்ளைக் கோழியை நாட்டுக்கோழி விலைக்கு வாங்க ஆளில்லை. அதனால் புறக்கடை இனங்கள் வண்ண இறகோடு இருக்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல்: ஒடுங்கு வகை வெள்ளை மரபணு பல தலைமுறை மறைந்திருக்கும். அதைச் சுமக்கும் வண்ணச் சேவலும் வண்ணப் பெட்டையும் சேர்ந்தால், நான்கில் ஒரு குஞ்சு என்ற கணக்கில் வெள்ளையாகப் பிறக்கும்.

நோய் எதிர்ப்பைத் தேர்வது இன்னும் கடினம். இனவிருத்திக் கூட்டத்துக்குள் வேண்டுமென்றே வெள்ளைக்கழிச்சல் நோயை விட்டுச் சோதிக்க யாரும் துணிய மாட்டார்கள். சமச்சீர் தீவனமும் தடுப்பூசியும் பெற்று ஆராய்ச்சிப் பண்ணையில் முதலிடம் பிடித்த கோழி, மேய்ச்சலை நம்பியிருக்கும் கிராமத்து முற்றத்தில் பின்தங்குவதும் உண்டு. எனவே தேர்வின் ஒரு பகுதி முற்றத்திலேயே நடந்தாக வேண்டும்.

வளர்ப்போர் கவனத்துக்கு

கிரிராஜா, சுவர்ணதாரா போன்றவை பல மரபுவழிகளைக் கலந்து பெறப்பட்டவை. அவற்றின் முட்டையை நாட்டுப் பெட்டையின் அடியில் வைத்துப் பொரித்தால், குஞ்சுகளில் குணங்கள் பிரிந்து சிதறும். கலப்பினத் தாயின் முட்டைத் திறனையும் எடையையும் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழக அல்லது அரசுப் பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சு வாங்குவதே சரி. ஆண்டுதோறும் நடக்கும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாமையும் தவறவிடக் கூடாது.

அதைவிட முக்கியமானது வீட்டிலுள்ள நாட்டுக்கோழி. கலப்பினச் சேவலை நாட்டுப் பெட்டைகளோடு மேயவிட்டால், சில ஆண்டுகளிலேயே ஊரின் பெருவிடை, சிறுவிடை நாட்டுக்கோழிகள் அடையாளம் இழந்துவிடும். நாளை உருவாகப்போகும் எந்த இனத்துக்கும் மூலப்பொருள் அந்தக் கோழிகள்தாம். பர்கூர் பக்கத்துக் கோழி வளர்ப்போர் கலப்பினக் கோழியையும் நாட்டுக்கோழியையும் தனித்தனியே அடைத்து வளர்க்க வேண்டும்.