இரண்டு நாள் வகுப்பும் ஒரு சான்றிதழும்: மென்பொருள் துறையில் பதவிப் பெயர்களுக்கு என்ன பெறுமதி?

கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் தமிழர் எவரிடமும் ஊரிலிருந்து வரும் முதற் கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சேட்டிபிக்கற் செய்தால் வேலை கிடைக்கும்?" நான் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக மென்பொருள் சோதனையாளராக வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று பல இடங்களிலிருந்தும் வந்து இங்கும் கொட்டாஞ்சேனையிலும் போர்டிங் அறைகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அண்மைக் காலமாக அந்தக் கேள்வியோடு ஒரு பெயரும் சேர்ந்து வருகிறது: ஸ்க்ரம் மாஸ்டர்.

இந்தச் சான்றிதழுக்கான கட்டணம் பெரும்பாலும் டொலரில்தான் குறிக்கப்படுகிறது. 2022 மார்ச் மாதத்துக்கு முன்னர் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 30 ஆயிரம் ரூபாவாக இருந்த ஒரு பரீட்சைக் கட்டணம், அதே டொலர்க் கணக்கில் 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்தச் சான்றிதழ்கள் எங்கிருந்து வந்தன, எதை அளக்கின்றன, எதை அளக்கவில்லை என்பதை எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அஜைல் என்பது என்ன?

முன்னர் மென்பொருள் செய்வது வீடு கட்டுவதைப் போலக் கருதப்பட்டது. முதலில் முழு வரைபடம், பிறகு கட்டுமானம், கடைசியில் சோதனை, அதன் பின் கையளிப்பு. வாடிக்கையாளர் பொருளைக் கண்ணால் காண்பதற்கே ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அவருடைய தேவை மாறியிருக்கும்.

இதற்கு மாற்றுத் தேடியவர்களில் 17 பேர் 2001 பெப்ரவரி 11 முதல் 13 வரை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் கூடினார்கள். அங்கே எழுதப்பட்டதுதான் அஜைல் பிரகடனம். அதில் நான்கு விழுமியங்கள் உள்ளன. பன்னிரண்டு கொள்கைகள் அதன் துணையாக வந்தன. நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்கிடையிலான தொடர்பாடலுமே முக்கியம் என்பது முதலாவது விழுமியத்தின் சாரம். அந்தப் பிரகடனம் எந்தப் பதவியையும் உருவாக்கவில்லை. எந்தச் சான்றிதழையும் கோரவில்லை.

ஸ்க்ரம் அதற்கு முந்தியது. 1986இல் தாக்கெயுச்சி, நொனாக்கா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹாவர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை, புதிய பொருட்களை உருவாக்கும் குழுக்களை றக்பி அணியுடன் ஒப்பிட்டது. அந்த விளையாட்டிலிருந்தே ஸ்க்ரம் என்ற பெயர் வந்தது. ஜெப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் 1995இல் இதை மென்பொருளுக்கான முறையாக முன்வைத்தார்கள். 2010இல் ஸ்க்ரம் வழிகாட்டி என்ற சிறிய கைநூல் வெளிவந்தது.

இந்த முறையில் மூவகைப் பொறுப்புகள் உண்டு. எதை முதலில் செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்துபவர் புரொடக்ட் ஓனர். முறை சரியாக விளங்கிக்கொள்ளப்பட்டு நடைபெற உதவுபவரும், குழுவின் தடைகள் நீங்க வழி செய்பவரும் ஸ்க்ரம் மாஸ்டர். பொருளைச் செய்பவர்கள் எல்லோரும் டெவலப்பர்கள். ஒரு மாதத்துக்கு மேற்படாத ஸ்பிரின்ட் என்ற காலத்துண்டுக்குள் பயன்படக்கூடிய ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும்.

2020 நவம்பரில் வந்த பதிப்பில் ஒரு முக்கியமான மாற்றம் செய்யப்பட்டது. 'பாத்திரங்கள்' என்ற சொல் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் 'பொறுப்புடைமைகள்' என்ற சொல் வந்தது. காரணம் எளிது. உலகெங்கும் நிறுவனங்கள் இவற்றை நியமனக் கடிதத்தில் அச்சிடும் பதவிகளாக மாற்றிவிட்டன. ஸ்க்ரம் மாஸ்டர் தனியொரு முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்று வழிகாட்டி எங்கும் சொல்லவில்லை. குழுவில் நிரல் எழுதும் ஒருவரே அந்தப் பொறுப்பையும் ஏற்கலாம்.

சான்றிதழ் எப்படி வந்தது?

சந்தையில் இரண்டு சான்றிதழ்கள் பரவலாக உள்ளன. ஒன்று ஸ்க்ரம் அலையன்ஸ் வழங்கும் சி.எஸ்.எம். இதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரிடம் வழமையாக இரண்டு நாட்கள் நடக்கும் வகுப்புக்குப் போவது கட்டாயம். தொடக்க ஆண்டுகளில் வகுப்பில் இருந்தாலே சான்றிதழ் கிடைத்தது. பரீட்சை பின்னரே வந்தது. இப்போது 50 கேள்விகளில் 37 சரியாக இருந்தால் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

ஸ்க்ரம் அலையன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷ்வேபரே 2009இல் அதிலிருந்து விலகி ஸ்க்ரம்.ஓர்க் என்ற அமைப்பை உருவாக்கினார். அது வழங்குவது பி.எஸ்.எம். இதற்கு வகுப்புக் கட்டாயமில்லை. 60 நிமிடங்களில் 80 கேள்விகள், சித்தியடைய 85 சதவீதம் வேண்டும். புதுப்பித்தல் இல்லை.

இரண்டுமே கேள்விக்கு விடை தெரிவு செய்யும் பரீட்சைகள். ஸ்க்ரம் வழிகாட்டியின் சொற்கள் உங்களுக்குத் தெரியுமா என்பதை அவை அளக்கும். ஒரு குழு வாடிக்கையாளருக்குப் பயந்து பொய்யான திகதியை ஒப்புக்கொள்ளும்போது, எழுந்து 'இது நடக்காது' என்று சொல்ல உங்களால் முடியுமா என்பதை அவை அளக்கமாட்டா.

எழுதியவர்களே கேட்ட கேள்விகள்

இந்த ஐயம் எனக்கு மட்டும் உரியதல்ல. பிரகடனத்தில் ஒப்பமிட்ட டேவ் தோமஸ் 2014இல், அஜைல் என்ற சொல் பொருளிழந்த விற்பனைச் சரக்காகிவிட்டது என்று வாதிட்டார். இன்னொருவரான ரொன் ஜெப்ரிஸ் 2018இல், பெயரளவிலான அஜைல் முறைகளை டெவலப்பர்கள் கைவிட வேண்டும் என்று எழுதினார். நல்ல நிரல், இடைவிடாத சோதனை, சிறு சிறு வெளியீடுகள் ஆகியவற்றை விட்டுவிட வேண்டாம் என்பதும் அவருடைய அறிவுரை. அதே ஆண்டில் மார்ட்டின் பௌலர், வேலை செய்பவர்கள் மீது வெளியிலிருந்து முறைகளைத் திணிக்கும் ஒரு பெரும் வணிகம் இங்கே உருவாகிவிட்டது என்று அவுஸ்திரேலியாவில் ஆற்றிய உரையொன்றில் விமர்சித்தார். இவர்கள் மூவரும் அந்த 17 பேரில் அடங்குவர்.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் கப்பிட்டல் வன் வங்கி, தன்னுடைய அஜைல் பதவிகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. 1,100 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். அந்தப் பொறுப்புகளைப் பொறியியலாளர்களும் தயாரிப்பு முகாமையாளர்களும் பகிர்ந்துகொள்வார்கள் என்பது வங்கி சொன்ன காரணம். பதவிப் பெயரை மட்டும் நம்பி வாழ்க்கையைக் கட்டுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

கொழும்பில் நடப்பது

கொழும்பு நிறுவனங்களில் பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வேலை செய்கின்றன. உண்மையான முடிவை எடுப்பவர் லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருப்பார். இங்கே ஒருவருக்குப் புரொடக்ட் ஓனர் என்று பெயர் இருக்கும். ஆனால் எதை விடுவது, எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இராது. பழைய செயற்றிட்ட முகாமையாளரே ஸ்க்ரம் மாஸ்டர் ஆகியிருப்பார். நாள்தோறும் காலையில் நின்றபடி நடத்தும் சிறு கூட்டம், குழு தனக்குள் திட்டமிடுவதற்கானது. பல இடங்களில் அது முகாமையாளருக்கு வரவு ஒப்புவிக்கும் கூட்டமாகிவிட்டது.

எம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும், பாதியில் சிங்களத்துக்கு மாறும். வன்னியில் தமிழில் படித்து வந்த பிள்ளைக்குச் சொல்ல விடயம் இருக்கும், வாய் திறக்காது. நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், மூன்று ஆண்டுகளாகக் குழுவின் பிழைகளைக் கண்டுபிடித்து ஒழுங்குபடுத்திய ஒரு பெண்ணை விட்டுவிட்டு, சான்றிதழுடன் வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் வந்த பின்னும் தடைகளை நீக்கிக்கொண்டிருந்தது அந்தப் பெண்தான். யார் பேசாமல் இருக்கிறார், ஏன் பேசவில்லை என்று கவனிப்பது அந்தப் பொறுப்பின் உயிர். அதற்குப் பரீட்சையில் புள்ளி இல்லை.

காகிதத்தின் மீது எமக்குள்ள பயம்

எங்கள் பெற்றோர் சான்றிதழைப் பெரிதாக நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலை அவர்களுடைய தலைமுறை பார்த்தது. இடப்பெயர்வுகளில் வீட்டை விட்டாலும் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோனவர்கள் அவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள், கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கையில் காகிதம் இல்லாதவன் நிற்க இடமில்லாதவன் என்பது இங்கே அனுபவம். அந்த அனுபவத்தைத்தான் விளம்பரங்கள் விலைபேசுகின்றன. 'சர்வதேச அங்கீகாரம்' என்ற இரு சொற்கள் எங்கள் வீடுகளில் வேறு எங்கும் ஒலிப்பதை விடப் பலமாக ஒலிக்கும்.

காகிதமே வேண்டாம் என்பது என் வாதமல்ல. நாட்டின் தேசிய தொழில் தகைமை முறையில், படிக்காமலே தொழில் கற்ற மேசனையோ மின்னிணைப்பாளரையோ அவருடைய வேலையைப் பார்த்து மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. செய்து காட்டிய பின் கிடைக்கும் காகிதம் அது. இரண்டு நாளில் கிடைப்பது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

பதவி இல்லாமல் நடந்த வேலை

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சார்ந்த தன்னார்வலர்கள் சஹானா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற கோரிக்கைப் பதிவு ஆகியவை அதில் இருந்தன. ஆண்டுக்கணக்கில் திட்டம் போட அங்கே நேரமில்லை. பயன்படக்கூடிய சிறு பகுதியை உடனே கொடுத்து, கள நிலைமைக்கேற்ப மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அஜைல் பிரகடனம் சொன்னது இதைத்தான். பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் சஹானா பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது.

கூகுள் நடத்தும் சமர் ஒஃப் கோட் திட்டத்திலும் இதே பாடம் உண்டு. பல ஆண்டுகள் அதில் அதிக மாணவர்களை அனுப்பி உலகில் முதலிடத்தில் நின்றது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே தெரிவு நடப்பது மாணவர் முன்வைக்கும் திட்ட முன்மொழிவை வைத்து.

பணம் கட்டுவதற்கு முன்

ஸ்க்ரம் வழிகாட்டியை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 2020 பதிப்பு 14 பக்கங்களுக்குள் அடங்கும். முதலில் அதைப் படியுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

இன்னும் வேலைக்குச் சேராதவர் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு குழுவிலும் இருந்திராதவரிடம் குழுவை வழிநடத்தும் பொறுப்பை ஒப்படைக்க யாரும் முன்வரமாட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பழைய மடிகணினியைத் திருத்தலாம், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் போகலாம், சில மாதங்களுக்கு இணையக் கட்டணம் கட்டலாம். திறந்த மூல மென்பொருள் ஒன்றில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்புங்கள். நேர்முகத் தேர்வில் காட்டுவதற்கு அது உங்கள் பெயரில் இருக்கும்.

வேலையில் இருப்பவர்கள், சான்றிதழ் தேவைப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் கட்டணத்தைக் கேளுங்கள். பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. வெளிநாடு போக எண்ணியிருப்பவருக்கோ, ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் சான்றிதழ் கோரும் குழுவில் இருப்பவருக்கோ அது பயன்படலாம். அப்போதும் வகுப்புக் கட்டாயமில்லாத, புதுப்பித்தல் இல்லாத பரீட்சையே செலவு குறைந்தது.

வகுப்பு நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீங்கள் கடைசியாக எந்த ஆண்டில் ஒரு மென்பொருள் குழுவில் வேலை செய்தீர்கள்? இந்தச் சான்றிதழை வழங்குவது யார், அதை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்? உங்களிடம் படித்தவர்களில், முன் அனுபவம் இல்லாமல் ஸ்க்ரம் மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்த ஒருவருடன் நான் பேசலாமா? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள். நகையை மீட்க வட்டி கட்டப்போவது வகுப்பு நடத்துபவர் அல்ல.