கல்லாகாத இலைகள்

வடதுருவத்தை ஒட்டிக் கிடக்கும் கனடாவின் ஆக்செல் ஹைபர்க் தீவில், இன்று மரம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தரையோடு படரும் ஆர்க்டிக் வில்லோச் செடிதான் உண்டு. அங்கே 1985-இல், வேரூன்றி நின்ற நிலையிலேயே அடிமரங்கள் பல கண்டறியப்பட்டன. வயது ஏறத்தாழ நாலரைக் கோடி ஆண்டுகள். ஆயினும் அவை கல்லாகவில்லை. ரம்பத்தால் அறுக்கலாம், தீயிலிட்டால் எரியும். அடியில் அடுக்கடுக்காய்ப் படிந்திருந்த சருகுகளில் மிகுந்து காணப்பட்டது மெட்டாசெக்கோயா என்னும் ஊசியிலை மரத்தின் இலை.

அப்பெயர் பிறந்த வரலாறு சுவையானது. தளை தட்டினால் வெண்பா வெண்பாவாகாது என்பதை நம் வட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இலைக்கும் அத்தகைய யாப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்க்டிக் படிவங்களை ஆராய்ந்த ஆஸ்வால்ட் ஹீர் முதலானோர் இத்தகைய இலைகளைச் செக்கோயா என்றும் டாக்சோடியம் என்றும் வகுத்தனர். ஜப்பானிய அறிஞர் ஷிகெரு மிகியோ, தம் நாட்டுப் படிவங்களில் இலைகள் மாறிமாறி அமையாமல் எதிரெதிரே இணையிணையாய் நிற்பதைக் கண்டார். கூம்பின் செதில்களும் அவ்வாறே. 1941-இல் புதிய பேரினம் ஒன்றை நிறுவினார். அம்மரம் என்றோ அற்றுப்போனது என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் சீனத்தின் உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில் அது உயிரோடு நின்றுகொண்டிருந்தது! முதலில் கண்ட வனவியலார் குளிர்காலத்தில் சென்றதால், இலையுதிர்ந்த மரத்தில் மாதிரி எடுக்க ஒன்றுமில்லை. பின்னர்க் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1946-இல் ஹூ சியன்சூ உண்மையை உணர்ந்தார். 1948-இல் அதற்குப் பெயரிட்டு வெளியிட்டனர்.

உயிர்மரம் கிடைத்ததால் படிவ இலையை அதனோடு ஒப்பிட வழி பிறந்தது. இலைத்தோலின் நுண்துளைகள் வழியே மரம் கரியமில வாயுவை உட்கொள்கிறது. காற்றில் அவ்வாயு மிகுந்தால், பல மரங்களில் துளைகள் குறையும். இதனை உட்வர்ட் என்பார் 1987-இல், இருநூறு ஆண்டுகளாய்ச் சேமித்து வைத்த உலர் இலைகளில் எண்ணிக் காட்டினார். ஆக்செல் ஹைபர்க் இலைகளின் துளைகளை அளந்து 2014-இல் வெளியான ஆய்வு, அன்றைய கரியமில வாயு பத்து இலட்சத்தில் 400-க்கும் 500-க்கும் இடைப்பட்ட பங்கு என மதிப்பிட்டது.

ஆயிரம் என்று வந்திருந்தால் ஆறுதல் அடைந்திருப்பேன். நாம் இன்று மூச்சிழுக்கும் காற்றில் அது 420-ஐக் கடந்துவிட்டது. அக்காடு நின்ற நாளில் அத்தீவின் வெப்பமோ இன்றையினும் 30 பாகை வரை மிகுந்திருந்தது என்பர். இவ்வளவு வாயுவுக்கு அவ்வளவு வெப்பம் எங்ஙனம் வந்தது? பனிப்பாறைகள் இன்மை, காற்றில் மிகுந்த ஈரம் எனக் காரணங்கள் கூறப்படுகின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.