பத்து வயதிலிருந்து பதினெட்டுக்கு

1890இல் கல்கத்தாவில் ஃபுல்மோனி தாசி என்ற சிறுமி இறந்தாள். வயது பத்து, பதினொன்று இருக்கும். வயதில் பல மடங்கு மூத்த கணவன் ஹரிமோகன் மைத்தி வலுக்கட்டாயமாக உறவு கொண்டதில் ஏற்பட்ட இரத்தப்போக்கே அவளைக் கொன்றது. வீட்டுப் பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள்.

ஆனாலும் அவன்மீது வன்புணர்ச்சிக் குற்றம் சுமத்த முடியவில்லை. உறவுக்குச் சம்மதம் தர 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் வகுத்த வயது வரம்பு பத்து, மனைவிக்கும் அதுவே. ஃபுல்மோனி அதைக் கடந்திருந்தாள். கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்காக அவனுக்குக் கிடைத்தது ஓராண்டு கடுங்காவல் மட்டுமே.

பம்பாயின் பத்திரிகையாளர் பெஹ்ராம்ஜி மலபாரி 1884 முதலே பால்ய மணத்துக்கு எதிராக எழுதிவந்தார். பதினோரு வயதில் மணம் செய்துவைக்கப்பட்ட ருக்மாபாய், கணவனோடு வாழ மறுத்து நடத்திய வழக்கும் நாட்டை உலுக்கியிருந்தது. ஃபுல்மோனியின் சாவுக்குப் பிறகு சட்டத் திருத்தத்தை அரசால் தள்ளிப்போட முடியவில்லை. 1891 மார்ச்சில் வரம்பு பன்னிரண்டானது.

இரண்டே ஆண்டு உயர்வுதான். அதற்கே பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அன்னிய அரசு சமூக வழக்கங்களில் தலையிடக்கூடாது என்றார் திலகர். வங்காளத்தின் 'பங்கபாசி' இதழ் கடுமையாகத் தாக்கி எழுத, அதன்மீது தேசத்துரோக வழக்கே தொடரப்பட்டது. சிறுமியின் உடல் பட்ட வேதனை இந்தக் கூச்சலில் பின்னுக்குப் போனது.

சட்டம் வந்தும் வழக்குகள் அரிதாகவே நடந்தன. அப்படியொரு சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதை, இந்த வயது வரம்பை ஆராய 1928இல் அமைந்த ஜோஷி குழு கண்டறிந்தது. அதே காலத்தில் சென்னை சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்ணின் திருமண வயதை உயர்த்த வாதாடினார். 1929இன் சாரதா சட்டம் அதைப் பதினான்காக்கியது. பின்னர் 1978இல் பதினெட்டானது.

இருந்தும் ஓர் அநீதி நீடித்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் குழந்தை என்றது. தண்டனைச் சட்டமோ, மனைவிக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டால் கணவனின் செயல் வன்புணர்ச்சி ஆகாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மற்ற எவர் செய்தாலும் குற்றமாகும் செயலுக்கான தண்டனையிலிருந்து ஒரு சிறுமிக்குத் தாலி கட்டியவன் மட்டும் தப்ப முடிந்தது.

2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கின் வயது வரம்பைப் பதினெட்டு என்றே கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த எண் சட்ட வாசகமாகவே ஏறியது. ஃபுல்மோனி இறந்து அப்போது 134 ஆண்டுகள் ஆகியிருந்தன.