பாளையங்கோட்டையிலிருந்து வேலூருக்கு

தாமிரபரணிக் கரையில் பெண்பிள்ளையைப் படிக்க வைப்பது புதிதல்ல. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895-லேயே வந்துவிட்டது. படித்து டீச்சரானவளை ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. நாசரேத்தில் டாக்டர் ஸ்ட்ராச்சன் 1870-இல் தொடங்கிய வைத்தியப் பணி தூய லூக்கா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அங்கே நோயாளிகளைக் கவனித்த பெண்களுக்கு அந்தக் கும்பிடு கிடைக்கவில்லை. கண்டவர் மலத்தையும் தொடுகிறவள், ராத்திரியில் வார்டில் நிற்கிறவள் என்று பேச்சு. பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து, வசதியுள்ள வீடுகள் பிள்ளைகளை அனுப்பவில்லை.

இது மாறத் தொடங்கியது 1946-இல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) 1909 முதல் நடந்துவந்த நர்ஸ் பயிற்சி, அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்ந்தது. டெல்லியிலும் அதே ஆண்டுதான். இந்தியாவில் நாற்பத்து மூவாயிரம் பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்று, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி அறிக்கை சொன்னதும் அப்போதுதான்.

நான் 1972-இல் நர்சிங் படிக்க வேலூருக்கு மனு போட்டபோதும் ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் ஆச்சிக்குச் சம்மதமில்லை.

“ஏட்டி, பியுசி படிச்சிட்டு மூத்திரச் சட்டி தூக்கவா போற?”

அப்பாதான் பதில் சொன்னார்: “அம்மா, இது யுனிவர்சிட்டி பட்டம். டாக்டருக்குப் படிக்க வைக்கிற அதே சிஎம்சி.” ஆச்சி அதற்குமேல் பேசவில்லை. பட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு மரியாதை.

திருச்சபையின் சிபாரிசில் போனவர்கள், படிப்பு முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். உயர்ந்த இடத்துப் படிப்பு அப்படித்தான் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தது. உடலியலும் கிருமியியலும் உளவியலும் படித்துவிட்டு வந்ததால், ஒரு மருந்தை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்று டாக்டரிடம் நின்று பேச முடிந்தது.

ஆனால் வாந்திபேதியில் வற்றிப்போன குழந்தையின் கையில் நரம்பைத் தேடிப் பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், டிப்ளமோகூட இல்லாத ஒரு மூத்த அக்கா. சம்பளத்தில் நான் மேலே, அவர் கீழே. அது நியாயமில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பட்டம் இந்தத் தொழிலுக்குக் கௌரவம் தேடித் தந்தது உண்மை. அந்தக் கௌரவத்தில் அவரைப் போன்றவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

1988 முதல் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன்கீழ் பல ஊர்களில் நர்சிங் கல்லூரிகள் இருப்பதால், பிஎஸ்சி நர்சிங்குக்கு வேலூர்வரை போகவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில், கட்டிலருகே நின்று சொல்லிக்கொடுப்பது யார் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் அந்தக் காலத்து நர்ஸ் ஆச்சி ஒருவர் இருந்தால், அவர் எங்கே, யாரிடம் படித்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெரும்பாலானவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை.