ரெண்டாவது ஓட்டைத் தேடிப் போய் முதல் ஓட்டைத் தொலைத்த கதை

2023 கடைசியில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் விவாதங்களைப் பார்த்தவர்களுக்கு, நிக்கி ஹேலியும் விவேக் ராமசாமியும் மேடையில் போட்டுக்கொண்ட சண்டை நினைவிருக்கும். ரெண்டு பேருமே இந்தியாவிலிருந்து போன குடும்பத்துப் பிள்ளைகள். ரெண்டு பேருமே வலதுசாரிகள். ரெண்டு பேரும் கையேந்தியது ஒரே கட்சிக்காரர்களிடம். ராமசாமி 2024 ஜனவரியில் ஒதுங்கினார், ஹேலி மார்ச்சில் ஒதுங்கினார், ட்ரம்ப் வேட்பாளரானார். அதைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "ஜனாதிபதி வேட்பாளர் யாருங்கிறதுக்கு நம்ம ஊர்ல இந்த மாதிரி அடிதடி நடந்ததே இல்லையா?"

நடக்காமல் என்ன? 1969ல் நடந்தது. கட்சிக்குள்ளே ஒரு போட்டி, அப்புறம் வெளியே வலதுசாரி ஓட்டுக்கு ஒரு போட்டி, கடைசியில் கட்சியே ரெண்டாக உடைந்தது. அதில் நம்ம காமராஜருக்கும் பங்கு உண்டு, ராஜாஜியின் கட்சிக்கும் பங்கு உண்டு. இந்திரா காந்தி ஜெயித்த கதையாகத்தான் பலரும் இதை எழுதியிருக்கிறார்கள். எனக்கு எப்பவுமே தோற்றவங்க கணக்குதான் சுவாரசியம். அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

*

1969 மே 3 அன்று ஜனாதிபதி ஜாகிர் ஹுசைன் பதவியில் இருக்கும்போதே காலமானார். அப்படி இறந்த முதல் ஜனாதிபதி அவர்தான். துணை ஜனாதிபதி வி.வி.கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்த வேட்பாளர் யார்?

ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றக் குழு, அதாவது ஒரு சின்ன அறையில் உட்காரக்கூடிய எட்டே பேர். அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று செய்கிற வேலையை இங்கே எட்டுப் பேர் செய்தார்கள் :-) பிரதமர் இந்திரா முன்வைத்த பெயர் ஜகஜீவன் ராம். காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே.பாட்டீல், ஒய்.பி.சவான் நாலு பேரும் மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டி பக்கம் நின்றார்கள். பிரதமர் தோற்றார். ரெட்டி வேட்பாளரானார்.

இந்திரா சும்மா இருப்பாரா? ஜூலை 16 அன்று மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பிடுங்கினார். ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் தேசியமயம். அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் தற்காலிக ஜனாதிபதி கிரி. அடுத்த நாளே ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாகக் களத்தில் குதித்தார். இவ்வளவுக்கும் ரெட்டியின் வேட்பு மனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டதும் இதே இந்திராதான்!

எங்க செட்டிநாட்டுக்கு இந்தப் 14 வங்கி சமாச்சாரம் வீட்டு விஷயம் மாதிரி. அந்தப் பட்டியலில் இந்தியன் வங்கியும் உண்டு, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. ஐ.ஓ.பி.யை ஆரம்பித்தவர் கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. கல்லல்லேர்ந்து ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற ஊரில் பிறந்த பேங்க் ஒரே ராத்திரியில் சர்க்கார் பேங்க் ஆனால், அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசாத திண்ணை இருக்குமா?

*

இப்போ வலதுசாரி முகாமுக்கு வருவோம். ராஜாஜி 1959ல் ஆரம்பித்த சுதந்திரா கட்சி, 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடம் பிடித்திருந்தது. 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' ஒழிய வேண்டும் என்பது அவர்கள் கோஷம். எங்க பக்கத்துக் காரைக்குடித் தொகுதியில் 1962, 1967 ரெண்டு சட்டமன்றத் தேர்தலிலும் நட்சத்திரச் சின்னம்தான் ஜெயித்தது. 62ல் ஜெயித்தவர் கம்பன் கழகத்து சா.கணேசன், அதாவது கம்பன் அடிப்பொடி. ஆக இந்தக் கட்சி எங்க ஆட்களுக்கு பேப்பரில் படித்த கட்சி இல்லை, ஓட்டுப் போட்ட கட்சி.

சுதந்திராவும் ஜனசங்கமும் சேர்ந்து நிறுத்திய வேட்பாளர் சி.டி.தேஷ்முக். பெரிய படிப்பாளி, நேர்மையானவர், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர். ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி 1949ல் அரசுடைமை ஆனபோது கவர்னர் இவர். இம்பீரியல் வங்கி 1955ல் ஸ்டேட் வங்கியானபோது நிதியமைச்சர் இவர். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டபோதும் இவரேதான். தனியார் தொழிலைக் காப்பாற்றப் பிறந்த கட்சி, வங்கி தேசியமயத்துக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில் நிறுத்திய ஆள் இவர்!

எதிர்ப்பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? தொழிற்சங்கத் தலைவர் கிரியை இடதுசாரிகளும் திமுகவும் ஆதரித்தார்கள். இதே கிரி 1937ல் ராஜாஜியின் மந்திரிசபையில் மந்திரி. 'வலது' என்று முத்திரை குத்தப்பட்ட காமராஜரோ, 1955 ஆவடி மாநாட்டில் சோஷலிச பாணித் தீர்மானம் நிறைவேறியபோது இங்கே முதலமைச்சர். கொள்கையை வைத்து ஆட்களைப் பிரித்தால் தலை சுற்றும். யாரிடம் போய் ஓட்டுக் கேட்டார்கள் என்பதை வைத்துத்தான் அந்த வருஷம் எல்லாருக்கும் பெயர் விழுந்தது. கதையின் முடிச்சே அங்கேதான்.

*

ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடுகிற முறை கொஞ்சம் வித்தியாசமானது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் வாக்காளர்கள். அப்போது ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 576. நம்ம தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 144. ஒவ்வொருத்தரும் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை போட வேண்டும். காரைக்குடிக்குப் படம் பார்க்கப் போகிறோம், நினைத்த படத்துக்கு டிக்கெட் இல்லையென்றால் அடுத்து எந்தக் கொட்டகை என்று வீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி. முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கினால் வெற்றி. இல்லையென்றால் கடைசியில் இருப்பவர்களை ஒவ்வொருத்தராக நீக்கி, அவர்களுக்கு விழுந்த சீட்டில் இருக்கும் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள்.

காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா கணக்குப் போட்டார். முதல் சுற்றில் தேறுவது சந்தேகம். தேஷ்முக் எப்படியும் மூணாவதாகத்தான் வருவார். அவருக்கு ஓட்டுப் போடுகிற சுதந்திரா, ஜனசங்கத்துக்காரர்கள் ரெண்டாவது விருப்பத்தை ரெட்டிக்குப் போட்டால் ஜெயித்துவிடலாம். நேரே போய் அந்தக் கட்சித் தலைவர்களைச் சந்தித்துக் கேட்டார்.

கணக்கு சரி. ஆனால் இந்திரா தரப்புக்கு வேண்டியிருந்த துருப்புச் சீட்டு அதுதான். ஜகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும் விளக்கம் கேட்டு நிஜலிங்கப்பாவுக்குக் கடிதம் எழுதினார்கள். 'வங்கி தேசியமயத்தை எதிர்க்கிற கட்சிகளோடு ரகசிய உடன்பாடா?' என்ற கேள்வி காங்கிரஸ் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மத்தியில் பரவியது. கட்சி வேட்பாளருக்குத்தான் போட வேண்டும் என்று உத்தரவிட இந்திரா மறுத்தார். அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார். ரெட்டியின் மனுவில் கையெழுத்துப் போட்டவரே இதைச் சொன்னால் அர்த்தம் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு, 20 எண்ணிக்கை. முதல் விருப்ப ஓட்டு இப்படி விழுந்தது:

கிரி - 4,01,515
ரெட்டி - 3,13,548
தேஷ்முக் - 1,12,769

மீதி கொஞ்சத்தை உதிரிகள் பிரித்துக்கொண்டார்கள். ஜெயிக்கத் தேவை 4,18,169. ரெட்டியையும் தேஷ்முக்கையும் கூட்டிப் பாருங்கள்: 4,26,317. பேப்பர் கணக்கில் நிஜலிங்கப்பா ஜெயித்தாச்சு!

ஆனால் எண்ணி முடித்தபோது கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. 1967ல் திமுக ஜெயித்த 25 மக்களவை இடங்களின் ஓட்டு மதிப்பை மட்டும் பெருக்கினால் 14,400 வரும், எவ்வளவு மயிரிழை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ரெண்டாவது சுற்றுகளில் ரெட்டிக்குக் கூடுதலாக வந்தது 91,879. உதிரிகளின் சுமார் எட்டாயிரத்து ஐந்நூறையும் அவருக்கே போனதாக வைத்துக் கழித்தாலும், தேஷ்முக் ஓட்டில் முக்கால் பங்குக்குப் பக்கம் ரெட்டிக்கு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் ஏமாற்றவில்லை. கேட்டதைப் பெருமளவு கொடுத்துவிட்டான். ஓட்டை விழுந்தது சொந்த வீட்டில். 1967ல் காங்கிரஸ் வேட்பாளர் ஜாகிர் ஹுசைன் வாங்கியது 4,71,244. ரெண்டே வருஷத்தில் அதே கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளருக்கு 3,13,548. நடுவில் சில மாநிலங்களில் பலம் ஏறி இறங்கியிருந்தது என்று தள்ளுபடி செய்தாலும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் சரிவு என்பது அதற்குள் அடங்காது. தொண்ணூறாயிரத்தை வாங்கப் போன பயணம், அதைவிட அதிகமானவர்களுக்கு வெளியேற ஒரு நல்ல காரணத்தைக் கொடுத்துவிட்டது. சொந்தச் செலவில் சூனியம்னா இதுதான்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1976ல் ரொனால்ட் ரீகன், பதவியில் இருந்த ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்துக் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டார். பழமைவாதிகளின் செல்லப்பிள்ளை ரீகன். கொஞ்சம் ஓட்டுக் குறைகிறது என்றதும், மாநாட்டுக்கு முன்னாலேயே தன் துணை ஜனாதிபதி வேட்பாளராக ரிச்சர்ட் ஷ்வைக்கர் என்ற தாராளவாத செனட்டரை அறிவித்தார். நடுநிலைப் பிரதிநிதிகளை இழுப்பது திட்டம். விளைவு? அவருடைய பழமைவாத ஆட்களே முகம் சுளித்தார்கள். கையில் இருந்ததாக நம்பிய மிசிசிப்பி பிரதிநிதிகள் கைவிட்டுப் போனார்கள். ஃபோர்ட் 1187, ரீகன் 1070. அதே பாடம், வேற ஊர்.

*

1969 நவம்பரில் காங்கிரஸ் உடைந்தது. காமராஜர் பழைய காங்கிரசில் நின்றார். 1954ல் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு அவரிடம் 93க்கு 41 என்று தோற்ற சி.சுப்பிரமணியம் இந்திரா பக்கம் போனார். 1971 தேர்தலில் இங்கே இன்னொரு கூட்டல் கணக்கு நடந்தது. 1940லிருந்து எதிரும் புதிருமாக இருந்த ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணி! பழைய காங்கிரஸ் ஓட்டு, சுதந்திரா ஓட்டு ரெண்டையும் கூட்டினால் திமுக காலி என்று பேசினார்கள். திமுக 184 இடம் பிடித்தது. பழைய காங்கிரசுக்கு 15. நாடாளுமன்றத்துக்கு அந்தக் கட்சியில் தமிழ்நாட்டிலிருந்து காமராஜர் ஒருத்தர்தான் போனார், நாகர்கோவிலிலிருந்து. காரைக்குடித் தொகுதியும் திமுகவுக்குப் போனது.

எங்க ஐயா (அப்பாவோட அப்பா) கல்லலில் நெல் வியாபாரம் பார்த்தவர். ஒரு ஊர் நெல்லை இன்னொரு ஊருக்கு வண்டி ஏற்ற பெர்மிட்டுக்காக நடையாய் நடந்த கடுப்பில் 62லும் 67லும் நட்சத்திரத்துக்குக் குத்தியவர். 71ல் அவர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லையாம். பிற்காலத்தில் ஏன் என்று கேட்டபோது சொன்னார்: "காங்கிரசுக்குப் போடக்கூடாதுன்னுதானப்பு நட்சத்திரத்துக்குப் போட்டேன். அப்பறம் ராஜாஜியே வந்து காங்கிரசுக்குப் போடுன்னா, அந்தப் பத்து வருசம் நான் போட்டதுக்கு என்னப்பு அர்த்தம்?"

தலைவர்கள் ஓட்டை மூட்டை மாதிரி நினைக்கிறார்கள். இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு மாற்றி ஏற்றிவிடலாம் என்று. ஆனால் ஒவ்வொரு ஓட்டுக்குள்ளேயும் 'யார் வேண்டாம்' என்று ஒன்று இருக்கிறது. கூட்டணிக் கணக்குப் போடுகிறவர்கள் அதை எண்ணுவதே இல்லை.

சுதந்திரா கட்சி 1972ல் ராஜாஜியை இழந்தது. 1974ல் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. தோற்ற சஞ்சீவ ரெட்டி மட்டும் காத்திருந்து, 1977ல் போட்டியே இல்லாமல் ஜனாதிபதி ஆனார். பழைய காங்கிரஸ், ஜனசங்கம், லோக் தளம் எல்லாம் அப்போது ஜனதா என்ற ஒரே கட்சிக்குள் இருந்தன. இந்திராவின் காங்கிரசும் எதிர்த்து யாரையும் நிறுத்தவில்லை. ரெண்டாவது ஓட்டுக்கு அவசியமே வரவில்லை!

1971ல் ராஜாஜி-காமராஜர் கூட்டணி பற்றி உங்க வீட்டுப் பெரியவங்க என்ன சொன்னாங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. நட்சத்திரத்துக்குப் போட்ட தாத்தாக்கள் இன்னும் எத்தனை பேர் வீட்டில் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.